பதினான்காம் நம்பர் கட்டிலிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் டீன்களுக்கும், வார்டுகளைக் கவனிக்கும் யூனிட் சீஃப்களுக்கும்,

“அட்மிஷன் போடும்போது கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா, இப்ப முடியாதுன்னா எப்படி?”

பரிசோதிக்க வந்த மாணவர்களிடம் “கொஞ்ச நேரம் கழித்து வாங்க” என்று சொன்னதற்காக, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்த என் அம்மாவிடம் மேற்படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டர் கேட்டது இது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தின நாள் காலையில் வந்தவர், அதுவரை வீட்டுக்குப் போகவில்லை என்பதை நானே பார்த்தேன். ஆனால் அந்தக் கையெழுத்தை வாங்க ஏற்பாடு செய்தவர்கள் அவருக்கு மேலே இருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஊர் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் விட்டுவிட்டேன். யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. வேறு மாவட்டங்களில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னபோது, “எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது” என்றுதான் சொன்னார்கள்.

அம்மாவுக்கு 58 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் பலூன் வைத்து விரித்தார்கள். இப்போது மறுபடியும் சுருங்கியிருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்குப் படுக்கவே முடியாமல் உட்கார்ந்து இளைக்க ஆரம்பித்தார். 108-ல் கூட்டிக்கொண்டு ஓடினோம். கேஷுவாலிட்டியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் அம்மாவின் முகத்துக்கு நிறம் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு நான் சாகும்வரை நன்றியோடு இருப்பேன். அந்த நேரத்தில்தான் ஒரு தாளை நீட்டி “இங்க ஒரு கையெழுத்து” என்றார்கள். போட்டேன்.

நான்காம் நாள்தான் கேஸ் ஷீட்டில் அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இது கற்பிக்கும் மருத்துவமனை என்றும், மாணவர்கள் பரிசோதிப்பதற்கும் சிகிச்சை செய்வதற்கும் முழுச் சம்மதம் தருகிறேன் என்றும் இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து, கோணலாக.

அம்மாவின் நெஞ்சில் கேட்கும் சத்தம் படிக்கிற பிள்ளைகளுக்கு “நல்ல கேஸ்”. இதை அவர்கள் கட்டில் பக்கத்திலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது ரொம்பத் தாழ்ந்த சத்தம். அதைக் கேட்க நோயாளியை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். ஸ்டெத்தை இடது மார்புக்குக் கீழே வைத்துக் கேட்க வேண்டும். நல்ல உடம்புக்காரருக்கு இது ஒன்றுமே இல்லை. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிறவருக்கு, ஒவ்வொரு தடவையும் அது ஒரு மாடி ஏறி இறங்குகிற மாதிரி.

மூன்றாம் நாள் மட்டும் பதினோரு பேர். நான் எண்ணினேன். காலை ரவுண்ட்ஸ் முடிந்து பெரிய டாக்டர் போனதும் நான்கு பேர் சேர்ந்து வந்தார்கள். பிறகு இரண்டு பேர். மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்தபோது மூன்று பேர். சாயங்காலம் இரண்டு பேர். கூட ஒரு ஆசிரியர்கூட இல்லை. “திரும்பிப் படுங்கம்மா. மூச்சை விடுங்க. நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம்.” வார்டில் இருந்த ஒரே மறைப்புத் தட்டி வேறொரு கட்டிலுக்குப் போயிருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பையன்கள். நைட்டியின் பொத்தானைக் கழற்றும்போதெல்லாம் அம்மா மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக வந்தவர்களிடம், “கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க கண்ணு, முடியல” என்றார். அதற்குத்தான் அந்த வழியாக வந்த பி.ஜி. டாக்டர் கையெழுத்தை ஞாபகப்படுத்தினார். அம்மா ஒன்றும் பேசாமல் இடது பக்கம் திரும்பிப் படுத்தார்.

எல்லோரும் போனபிறகு பக்கத்துக் கட்டில் பாட்டி என்னைக் கூப்பிட்டு, “ஒண்ணும் சொல்லிக்காத தாயி. கோவிச்சுக்கிட்டா அப்புறம் பாக்க மாட்டாங்க” என்றார். அந்தப் பாட்டியின் பயம் தப்பாகக்கூட இருக்கலாம். எந்த டாக்டரும் அப்படிப் பழிவாங்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் பயம் நிஜம். அந்த வார்டில் இருந்த எல்லோருக்கும் அது இருந்தது. நாங்கள் வாயைத் திறக்காததை, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

அன்று ராத்திரி நடந்தது இதைவிட மோசம். மூச்சு மறுபடி மோசமானதும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க மணிக்கட்டில் நாடிக் குழாயிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஒரு ஹவுஸ் சர்ஜன் தனியாக வந்தார். பி.ஜி. டாக்டர் கேஷுவாலிட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். முதல் குத்தில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. அந்தப் பிள்ளையின் நெற்றியில் வேர்வை. “சாரிம்மா, சாரிம்மா” என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது குத்தில் எடுத்துவிட்டார். ஒரு நிமிடம் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு சாம்பிளோடு ஓடினார். விடியும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது. காலையில் வந்த டாக்டர் பார்த்ததும், “அசிட்ரோம் சாப்பிடுறவங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல அழுத்திப் பிடிச்சிருக்கணுமே” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ராத்திரி பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அம்மாவின் கை அப்படி ஆகியிருக்காது. அந்த ஹவுஸ் சர்ஜன் பிறகு இரண்டு நாள் எங்கள் கட்டில் பக்கம் பார்க்காமலே நடந்தார். அவரையும்தான் நீங்கள் தனியாக விட்டுவிட்டீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மாணவர்களே எங்களைத் தொடக்கூடாது என்று நான் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் நாள் நடந்ததையும் கேளுங்கள்.

மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பெண் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, “அம்மா, நான் இன்னும் டாக்டர் ஆகல, தேர்ட் இயர் படிக்கிறேன். உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்ட பேசித் தெரிஞ்சுக்கலாமா? முடியலன்னா சொல்லுங்க, போயிடுறேன்” என்றாள். ஐந்து நாளில் அம்மாவிடம் அனுமதி கேட்ட முதல் ஆள் அவள்தான். அம்மா ஸ்டூலைக் காட்டினார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எத்தனை படி ஏறினால் இளைக்கும், எத்தனை தலையணை வைத்துத் தூங்குவீர்கள், வீட்டில் தண்ணீர் யார் தூக்குவது, பலூன் வைத்தபோது என் தம்பிக்கு என்ன வயது என்றெல்லாம் கேட்டாள். அப்புறம், “வேற எதுக்காவது மாத்திரை வாங்கிச் சாப்பிடுறீங்களா? மூட்டு வலி, தலைவலி, எதுக்காவது?” என்றாள்.

அம்மா தலையணைக்கு அடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். அதற்குள் பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை. மெடிக்கல் ஷாப்பில் முட்டி வலிக்கு வாங்கியது. மூன்று மாதமாகத் தினம் ஒன்று சாப்பிட்டிருக்கிறார். எனக்கே தெரியாது. கேஷுவாலிட்டியில் கேட்க நேரம் இல்லை. ரவுண்ட்ஸில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உதவிப் பேராசிரியரைக் கூட்டி வந்தாள். அவர் அம்மாவுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்: இந்த வலி மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும், ஏற்கெனவே கஷ்டப்படும் இதயத்துக்கு அது பாரம், அசிட்ரோமோடு சேர்ந்தால் உள்ளே ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் உண்டு. உடனே நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண்ணிடம், “நல்லா கேட்டிருக்கே” என்றார்.

அதற்குப் பிறகு அவரே அம்மாவிடம் கேட்டார்: “ஒரே ஒரு தடவை திரும்பிப் படுக்க முடியுமாம்மா? நான் பக்கத்துலயே இருக்கேன். இந்தப் பொண்ணு கேக்கட்டும்.” தட்டி வந்தது. நர்ஸ் வந்து நின்றார். அந்தப் பெண் ஸ்டெத்தின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டாள். சரியான இடம் கிடைக்காமல் தடவியபோது, பேராசிரியர் அவள் கையைப் பிடித்து ஒரு விரல் அகலம் நகர்த்தினார். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்; சத்தம் கேட்டுவிட்டது. அம்மாவுக்கு மூச்சு இழுத்ததும் அவர் “போதும், எழுந்திரிங்கம்மா” என்று முதுகைத் தாங்கிப் பிடித்தார். மொத்தமே இரண்டு நிமிடம். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த வார்டைப் பற்றிச் சொல்வது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். “படிக்கிற பொண்ணுதான் என் வியாதியைக் கண்டுபிடிச்சா.” அதே வார்டு, அதே மாணவர் கூட்டம், அதே நெஞ்சுச் சத்தம். அனுமதி கேட்டதும், ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்றதும்தான் வித்தியாசம்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வருடாவருடம் பி.எட். பயிற்சி மாணவர்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் பாடம் நடத்தும்போது நான் ஓய்வறைக்குப் போய்விட முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். தப்பாகச் சொன்னால் திருத்துவேன். அவர்களுடைய பாடக் குறிப்பில் கையெழுத்துப் போடுவேன். பத்தாம் வகுப்புக் கணக்குக்கே இப்படி.

என்னிடம் படித்த ஒரு பெண், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தாள். வேறு ஊரில் படிக்கிறாள். அவள் நோயாளிகளைத் தொட்டுத்தான் டாக்டர் ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவளைத் தொட அனுமதிக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான் என்பதும் தெரியும். அம்மாவின் கையைப் பார்த்த அன்று அவளுக்கு ஃபோன் போட்டேன். 2019-லிருந்து வந்த புதிய பாடத்திட்டத்தில் ‘ஏட்காம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது, நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வது, எப்படிப் பேசுவது, எப்படிச் சம்மதம் கேட்பது என்பதெல்லாம் அதில் வரும் என்றாள். கல்லூரியில் ஸ்கில்ஸ் லேப் இருக்க வேண்டும், பொம்மைக் கையில் குத்திப் பழகிய பிறகே நோயாளியிடம் போக வேண்டும் என்றும் சொன்னாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டீச்சர், எங்களுக்கும் பயமாத்தான் இருக்கும். பக்கத்துல யாராவது இருந்தா நல்லாருக்கும்” என்றாள்.

ஆகவே, விதி இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. விவரம் சொல்லிப் பெறும் சம்மதம், கண்ணியம், அந்தரங்கம், ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருப்பது எல்லாம் அதில் உண்டு. ஒரு பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ கொடுத்த சம்மதத்தை வேறொன்றுக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. மூச்சுத் திணறும் அம்மாவை வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு மகள் போட்ட கையெழுத்து, மூன்றாம் நாள் பதினோராவது ஆள் வந்து மார்பில் ஸ்டெத் வைப்பதற்கு எப்படிச் சம்மதம் ஆகும்?

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன, 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடின. நேற்றுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த இடங்கள் கல்லூரி மருத்துவமனைகள் ஆயின. எங்கள் பிள்ளைகள் டாக்டர் ஆகிறார்கள் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் சேர்ந்த மாணவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர்கள் வந்து சேரவில்லை. ஆசிரியர் பற்றாக்குறைக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் நம் அரசுக் கல்லூரிகள் பலவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியதை 2025-ல் செய்தியில் படித்தோம். அது உங்கள் கையில் மட்டும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் இல்லாததால் வரும் வலியை எங்கள் உடம்பில் இறக்கி வைப்பது சரியில்லை. இலவச சிகிச்சைதானே என்றும் யாரும் சொல்ல வேண்டாம். அது எங்கள் உரிமை. அதற்கு உடம்பை விலையாகக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று திருப்திப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். கழிப்பறை சுத்தமா, சாப்பாடு எப்படி, படுக்கை விரிப்பு மாற்றினார்களா, டாக்டர் பேசினாரா, நர்ஸ் கூப்பிட்டால் வந்தாரா என்று கேட்டிருந்தார்கள். ஒன்பது நாளில் அம்மாவை அதிகம் தொட்டவர்கள் மாணவர்கள். அவர்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வார்டு மேசை பக்கத்திலேயே நின்று, அங்கேயே நிரப்பி, அங்கேயே கொடுக்க வேண்டும். பாட்டி எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று டிக் போடச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். இந்தத் தாள்களைக் கூட்டிப் பார்த்துத்தானே நோயாளிகள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று கணக்கு எழுதுகிறீர்கள்? நான் தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலில் அந்த ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்துவிடுங்கள். சிகிச்சைக்கான சம்மதம் வேறு, மாணவர் பரிசோதிப்பதற்கான சம்மதம் வேறு. இரண்டாவதை நோயாளி தெளிவாக இருக்கும்போது, அவரிடமே, ஒவ்வொரு தடவையும் வாயால் கேட்கச் சொல்லுங்கள். “வேண்டாம்” என்று சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே மாட்டுங்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ரவுண்ட்ஸில் சீஃப் அதை வாயாலும் சொல்ல வேண்டும். சீஃப் சொன்னால்தான் அந்தப் பயம் போகும்.

மாணவர்கள் தங்கள் பெயரையும் எந்த வருடம் படிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். வெள்ளைக் கோட்டில் ‘மாணவர்’ என்று தமிழில் இருக்கட்டும்.

ஒரு நோயாளியை ஒரு நாளில் எத்தனை பேர் பரிசோதிக்கலாம் என்று வரம்பு வையுங்கள். பரிசோதித்த ஒவ்வொரு மாணவரும் கேஸ் ஷீட்டில் பெயரும் நேரமும் எழுதட்டும். மூச்சுத் திணறல் உள்ளவர்கள், ஆபரேஷன் முடிந்த முதல் நாள் இருப்பவர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள் ஆகியோரை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் எந்த மாணவரும் தொடக்கூடாது. பரீட்சை நெருங்கும் மாதங்களில் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். “நல்ல கேஸ்” நோயாளிகள் அப்போதுதான் படாத பாடு படுகிறார்கள்.

ஊசி, ரத்தம் எடுப்பது, குழாய் போடுவது போன்றவற்றை முதலில் ஸ்கில்ஸ் லேப்பில் பழகட்டும். பிறகு நோயாளியிடம் செய்யும்போது சீனியர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். இரண்டு தடவை முயன்றும் முடியவில்லை என்றால், அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த விதி ராத்திரிக்கும் பொருந்த வேண்டும். ராத்திரி ஹவுஸ் சர்ஜன் கூப்பிட்டால் வரக்கூடிய சீனியர் யார், அவர் நம்பர் என்ன என்று வார்டில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு ஆள் போதாது என்றால், எத்தனை பேர் குறைகிறார்கள் என்று அரசுக்கு எழுதுங்கள். எழுதியதை வெளியே சொல்லுங்கள். சேர்ந்து கேட்க நாங்கள் வருகிறோம்.

ஒவ்வொரு பெண்கள் வார்டுக்கும் போதுமான மறைப்புத் தட்டிகள் வேண்டும். பையன்கள் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும்.

திருப்திப் படிவத்தில் மாணவர்களைப் பற்றி மூன்று கேள்விகள் சேருங்கள்: உங்களிடம் அனுமதி கேட்டார்களா? ஆசிரியர் பக்கத்தில் இருந்தாரா? வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா? அதை வார்டில் வைத்துக் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து, வார்டில் வேலை செய்யாத ஒருவர் ஃபோனில் கேட்கட்டும். நன்றாக நடந்துகொண்ட மாணவர்களின் பெயரையும் நாங்கள் சொல்வோம். அந்த மூன்றாம் வருடப் பெண்ணின் பெயரை எங்கே சொல்வது என்று தெரியாமல்தான் வீடு திரும்பினோம்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு ரிவ்யூ. உள்ளே சேர்த்தாலும் சேர்ப்பார்கள். இடது பக்கம் திரும்பிப் படுக்க அம்மா தயாராகத்தான் இருக்கிறார். “படிக்கிற பிள்ளைங்க கேட்டா காட்டத்தானே வேணும்” என்கிறார். அதற்குள் அந்த ஸ்டாம்ப் அட்மிஷன் மேசையிலிருந்து போயிருக்க வேண்டும். போய்விட்டதா இல்லையா என்று எழுத்துப்பூர்வமாக எனக்குப் பதில் வேண்டும். பின்பக்கம் எழுதிய அந்தப் படிவத்தில் என் முகவரி இருக்கிறது.

இப்படிக்கு,
பதினான்காம் நம்பர் கட்டில் நோயாளியின் மகள்